‘வோக்’ என்றால் தமிழில் என்ன?

குழந்தைகளோடு பார்க்க ஒரு ஆங்கிலப் படத்தைத் தேடினால், கதை என்ன என்பதற்கு முன்னாலேயே ‘இது வோக் படமா?’ என்ற கேள்வி வந்து நிற்கிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும், கதையில் கருத்தைத் திணிக்கிறார்கள் என்ற திட்டாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் சொல் பிறந்த இடம் வேறு.

விழிப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லின் இறந்தகால வடிவம்தான் வோக். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் அதுவே ‘விழித்திருக்கிற’ என்ற பெயரடையாகவும் புழங்கியது. 1931-ல் அலபாமாவில் ஒன்பது கறுப்பினப் பையன்கள் மீது பொய்யான பாலியல் வன்முறைக் குற்றம் சுமத்தி, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி முன் அவசர அவசரமாக விசாரித்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்த வழக்கைப் பாடிய கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, 1938-ல் செய்த ஒலிப்பதிவின் முடிவில், அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனமாக இருங்கள், ‘ஸ்டே வோக்’, கண்ணைத் திறந்தே வைத்திருங்கள் என்று பேசுகிறார். கொள்கை முழக்கமெல்லாம் இல்லை, உயிர் பிழைக்கச் சொன்ன எச்சரிக்கை. 2014-ல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இந்தச் சொல் நாடெங்கும் பரவியது. 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, இனப் பாகுபாட்டையும் சமூக அநீதியையும் பார்த்து விழிப்பாக இருப்பது என்ற இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் எதிர்த்தரப்பு அதைக் கேலிக்கு எடுத்துக்கொண்டது, 2022-ல் ஃபுளோரிடாவில் ஒரு சட்டத்தின் பெயரிலேயே ஏற்றும் அளவுக்கு.

சரி, தமிழில்? ‘விழிப்புணர்வு’ ஒத்துவராது, அது டெங்கு முகாமுக்கும் ஹெல்மெட் பேரணிக்கும் போய்விட்டது. பழைய பொருளுக்கு ‘சமூக விழிப்பு’ என்பேன். திட்டுப் பொருளுக்கு ‘கருத்துத் திணிப்பு’; பேச்சில் என்றால், கருத்து கந்தசாமி இருக்கவே இருக்கிறார். ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

2021-ல் வந்த ‘தி மிட்செல்ஸ் வெர்சஸ் தி மெஷின்ஸ்’ என்ற குடும்ப அடிதடி நகைச்சுவைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி கேட்டி தன்பாலீர்ப்பு உள்ளவள். அதற்குப் படம் ஒதுக்குவது சட்டையில் குத்திய ஒரு வானவில் பேட்ஜையும், தோழியை விருந்துக்கு வீட்டுக்குக் கூட்டி வருவாயா என்று கடைசியில் அம்மா சாதாரணமாகக் கேட்கிற ஒரு வரியையும்தான். கதை முழுக்க அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கிற மல்லுக்கட்டு. அவளுடைய அடையாளத்தை வைத்து யாரும் பிரசங்கம் செய்வதில்லை. இதைத் திணிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் அழுத்திச் சொல்கிற அரசியல் வேறு: நம் தகவல்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, கடைசியில் மனிதர்களையே பொட்டலம் கட்டும் இயந்திரங்களை உருவாக்கிவிடும் தொழில்நுட்ப நிறுவனத்தின் மீதான நக்கல். அதற்காக யாரும் இந்தப் படத்தை வோக் என்று திட்டி நான் பார்த்ததில்லை.