சாக்கடைக்கு உறை ஊற்றுவது

போர் நின்று மின்சாரமும் திரும்பிவிட்டால் பாதாளச் சாக்கடை தானாக ஓட ஆரம்பித்துவிடுமே, அதைச் சீர்படுத்த ஏன் வருடக்கணக்கில் ஆகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். குழாய் வரைக்கும் அவர் நினைப்பது ஓரளவு சரி. குழாய் போய்ச் சேரும் இடத்தில்தான் சிக்கல்.

பாக்தாத்தை எடுத்துக்கொள்வோம். டைகிரிஸ் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் தட்டையான ஊர். சரிவு போதாது என்பதால் கழிவுநீரைப் பம்பு வைத்து ஏற்றி ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். 1991 ஜனவரியில் வளைகுடாப் போரில் தொடங்கிய வான்தாக்குதலில் மின் நிலையங்கள் அடிபட்டன, பம்புகள் நின்றன. அந்த மார்ச்சில் ஐ.நா. சார்பில் போன மார்ட்டி அஹ்திசாரியின் குழு, தெருக்களில் கழிவுநீர் குளம் கட்டி நிற்பதை அறிக்கையில் எழுதியது.

குடிநீரும் தப்பாது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் இறங்கினால் வெளியே தேங்கி நிற்பது உள்ளே வரும். தெருக்குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறமும் நீடித்த பொருளாதாரத் தடை, உதிரிபாகப் பஞ்சம், 2003-இல் மறுபடி போர், கூடவே கொள்ளை. ஆற்றின் கிழக்கே ருஸ்தமியாவில் இரண்டு, மேற்கே கெர்க்கில் ஒன்று என இருந்த மூன்று சுத்திகரிப்பு நிலையங்களும் செயலிழந்து, சுமார் 38 லட்சம் பேரின் கழிவு அப்படியே ஆற்றுக்குப் போனது. கெர்க் நிலையம் 2004-இல்தான் மீண்டும் ஓடியது.

ஜெனரேட்டர் வைப்பது, அடைப்பு எடுப்பது, இடிந்த குழாயை மாற்றுவது, பம்பைக் கழற்றிப் பூட்டுவது எல்லாம் கஷ்டமான வேலைதான். ஆனால் பணமும் ஆளும் இருந்தால் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டியில் உயிர் வளர்க்க வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

மான்செஸ்டர் மாநகராட்சியில் வேலை பார்த்த ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கழிவுநீரைப் பாட்டிலில் ஊற்றி, வெளிச்சம் படாமல் பழுப்புக் காகிதம் சுற்றி, காற்றைக் குமிழவிட்டுக்கொண்டே இருந்தார்கள். முழுதாகச் சுத்தமாக ஏறக்குறைய 5 வாரம் பிடித்தது. அதுவரை மற்றவர்கள் அடியில் தங்கிய கசடைக் கொட்டிவிடுவார்கள். இவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, கசடை வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். அடுத்த முறை நேரம் குறைந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. கடைசியில் ஒரே நாளுக்குள் வேலை முடிந்தது. 1914-இல் இதை வெளியிட்டார்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தயிரை மிச்சம் வைத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றும் நம் வீட்டுப் பழக்கம்தான்! இவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார்.

அந்தக் கசடு வெறும் அழுக்கு அல்ல, பாக்டீரியாக் கூட்டம். பெரிய நிலையத்தில் காற்றூட்டும் தொட்டிக்கு அடுத்து அமைதியான ஒரு தொட்டி இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுத் திரளாகும் பாக்டீரியாக்கள் அங்கே அடியில் படியும். அவற்றைப் பம்பு மீண்டும் முதல் தொட்டிக்கே அனுப்பும். ஒட்டாமல் தனியே திரிபவை தெளிந்த நீரோடு ஆற்றுக்குப் போய்விடும், அல்லது மணி வடிவில் காம்பில் ஆடும் வார்ட்டிசெல்லா போன்ற ஒருசெல் உயிர்கள் அவற்றைத் தின்றுவிடும். ஆக, ஒட்டத் தெரிந்ததற்கு மட்டும் மறுபடி சாப்பாடு. டார்வினின் இயற்கைத் தேர்வு தினமும் பல சுற்று, மாநகராட்சிச் செலவில்.

ஒரு நிலையத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது அங்கிருந்த ஊழியர் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டி நீரை மொண்டு மேசைமேல் வைத்தார். காப்பி டிகாக்‌ஷன் நிறம். அரை மணி நேரத்தில் பழுப்பெல்லாம் அடியில் இறங்க, மேலே தெளிந்த நீர் நின்றது. "மோந்து பாருங்க சார்" என்றார். தயங்கித்தான் குனிந்தேன். மழை பெய்த மண் வாசனை!

இந்தப் பாக்டீரியாப் படை காற்று இல்லாமல் தாங்காது. தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம் நின்றால் சில மணி நேரத்தில் தடுமாறும். நாள்கணக்கில் நின்றால் கசடு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் இன்றும் நம் ஊரில் மேன்ஹோலில் ஆள் இறக்குகிறவர்களின் அலட்சியத்தால் தொழிலாளிகளைக் கொல்கிறது. செத்த தொட்டிக்கு வேறு நிலையத்திலிருந்து லாரியில் கசடு கொண்டுவந்து உறை ஊற்றலாம். பாக்தாத்தில் மூன்றுமே நின்றுபோயிருந்தன. பக்கத்து வீட்டில் உறை கேட்க வழியில்லை. உறை இல்லாவிட்டால் கழிவுநீரில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களைக் காற்றூட்டி வாரக்கணக்கில் பெருக்க வேண்டும். (செப்டிக் டேங்கில் போடச் சொல்லி விற்கும் நுண்ணுயிர்ப் பொடியில் எனக்கு நம்பிக்கை வராததற்கும் இதுவே காரணம். மலத்தில் இல்லாத பாக்டீரியாவா பாக்கெட்டில் வரப்போகிறது?)

மான்செஸ்டர்க்காரர்கள் பாட்டிலோடு மெனக்கெட்டது ஒரு மாநகராட்சியின் ஆய்வகத்தில். இன்று நம் மாநகராட்சிகளில் எத்தனையில் ஒரு மைக்ரோஸ்கோப்பும், அதைப் பார்க்க நேரமுள்ள ஒருவரும் இருக்கிறார்கள்? பாலத்துக்கு ரிப்பன் வெட்ட வருகிறவர்கள் காற்றூட்டும் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். 2003-க்குப் பிறகும் பாக்தாத்தில் மின்சாரம் வருவதும் போவதுமாகவே இருந்தது. விளக்குக்கு அது சமாளிக்கக்கூடிய தொல்லை. தொட்டியில் வளரும் பாக்டீரியாவுக்கோ ஒவ்வொரு மின்வெட்டும் மூச்சுமுட்டல். டீசல் தீராமல் ஜெனரேட்டர் ஓடினால் ஜாடியில் கசடு நாளுக்கு நாள் தடித்து வரும். தீர்ந்து சில நாள் நின்றால், மறுபடி முதல் வாரம்.