ஐந்தாம் மாதத்தில் நின்றுபோகும் அனிமேஷன் ப்ராஜெக்ட்கள்

நான் பகுதிநேரமாக வகுப்பெடுக்கும் தொழிற்பயிற்சி மையத்தில், அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடைசி ஆறு மாதம் ப்ராஜெக்ட்தான். முதல் வாரம் எல்லோரும் கதையோடு வருவார்கள். நான்கு நிமிடப் படம், இரண்டு வீரர்கள், ஒரு டிராகன், வெள்ளத்தில் மூழ்கும் நகரம். ஐந்தாம் மாதம் போய்ப் பார்த்தால் வீரனின் தலைமுடி ஒவ்வொரு இழையாக அழகாக இருக்கும், ஆனால் வீரன் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க மாட்டான்.

அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. ராத்திரி முழுக்க விழித்து வேலை பார்த்தவர்கள். தொடங்கும்போது யாரும் அவர்களை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லவில்லை, அதுதான் காரணம்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுவிடுகிறேன். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள். நான்கு நிமிடம் என்றால் 240 நொடி, 5,760 ஃப்ரேம். கையால் வரைகிறவர் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 2,880 படம் வரைய வேண்டும். முப்பரிமாணத்தில் செய்கிறவருக்கு ஒரு ஃப்ரேம் ரெண்டராக, அதாவது கம்ப்யூட்டர் அதை முழுப் படமாகக் கணக்கிட்டு முடிக்க, ஐந்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 480 மணி நேரம், அதாவது வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் நிறுத்தாமல் 20 நாள் ஓட வேண்டும். இது ரெண்டர் மட்டும். அதற்கு முன்னால் உயிரூட்டும் வேலை இருக்கிறது. பெரிய படங்களில் அனுபவமுள்ள ஆளே வாரத்துக்குச் சில நொடிகள்தான் முடிப்பார். அங்கே உருவத்தைச் செய்யும் மாடலுக்கும் அதை அசைக்கும் எலும்புக்கூடான ரிக்குக்கும் லைட்டிங்குக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எல்லாமே நீங்கள்தான்.

போன வருடம் ஒரு மாணவி இப்படித்தான் நான்கு நிமிடக் கதையோடு வந்தாள். கணக்கைப் போட்டுக் காட்டியதும் முகம் வாடிவிட்டது. "வீட்டில் தினமும் பார்க்கிற ஒரு வேலையைச் சொல்லும்மா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "எங்க அம்மிச்சி பூக் கட்டுவாங்க சார்" என்றாள். ஒரு திண்ணை, ஒரு பாட்டி, ஒரு கூடை மல்லிகை, சாயங்கால வெளிச்சம். 35 நொடி. பெயர் 'ஒரு மொழம்'.

அடுத்து அனிமேட்டிக். கதையைக் காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டு படங்களைச் சத்தத்தோடு சேர்த்து, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கும் என்று வரிசைப்படுத்திய கரட்டு வீடியோ அது. மாணவர்கள் அதிகம் தாண்டிப்போவது இந்தக் கட்டத்தைத்தான். கோட்டுப்படமாக இருப்பதால் யாருக்கும் காட்டக் கூச்சப்படுவார்கள். நான் அவளிடம், "எனக்குக் காட்டுவதற்கு முன்னால் உங்கள் அம்மிச்சிக்குக் காட்டு" என்று அனுப்பிவைத்தேன். அந்த அம்மா ஃபோனில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கண்ணு, இவ பூவ ஒரே பக்கமா வெக்கிறா. இப்படிக் கட்டுனா சரம் நிக்காது" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் சந்திக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னாராம்: முழம் போட்டு அளந்த பிறகு கொஞ்சம் கூட விட்டுத்தான் அறுக்க வேண்டும், யாரும் அளந்த இடத்திலேயே அறுக்க மாட்டார்கள்.

இரண்டு திருத்தத்துக்கும் அன்று மாலை ஒரு மணி நேரம் ஆனது. ஆறு படங்களைத் திரும்ப வரைந்தாள், அவ்வளவுதான். இதே பிழை ரெண்டருக்குப் பிறகு தெரிந்திருந்தால் இரண்டு வாரம் போயிருக்கும். நீங்கள் எந்தத் தொழிலைக் காட்டுகிறீர்களோ அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு அனிமேட்டிக்கைக் காட்டுங்கள். என்னைப் போன்ற ஆசிரியரின் கண்ணுக்கு அந்தப் பிழை தெரிந்திருக்காது.

அப்புறம் கை. அம்மிச்சியின் கையை ஃபோனில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று வீடியோ எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு முடிச்சு முக்கால் நொடிகூட எடுக்கவில்லை, சுமார் 16 ஃப்ரேம். அதற்குள் நூல் சுற்றி வந்து, இறுகும் நேரத்தில் இடது கட்டைவிரல் லேசாக அழுத்துகிறது. அந்த அழுத்தம் இரண்டே ஃப்ரேம். அது இல்லாதவரை பாட்டி காற்றில் கையாட்டுவது போலத்தான் இருந்தது, அது வந்ததும் நூலில் ஓர் இழுவிசை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இதற்கு மூன்று நாள் பிடித்தது. பிளாக்கிங்கில், அதாவது முக்கியமான நிலைகளை மட்டும் வைக்கும் முதல் கட்டத்தில், அசைவு ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் துள்ளும்போதே சரிபார்த்ததால்தான் மூன்று நாளில் முடிந்தது. முதல் நாளே அசைவைக் காட்டும் வளைகோடுகளை வழவழப்பாக்க உட்கார்ந்தால் தப்பு எங்கே என்றே தெரியாது.

ரெண்டரைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் மாணவனாக இருந்தபோது நேராக வீடியோ கோப்பாகவே ரெண்டர் போட்டேன். 31 மணி நேரம் ஓடிய பிறகு கரண்ட் போனது. அந்தக் கோப்பைத் திறக்கவே முடியவில்லை. மறுநாள் சமர்ப்பிக்க என் கையில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனிப் படமாக, பிஎன்ஜி வரிசையாக எடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். தயவுசெய்து படவரிசையாக எடுங்கள், கடைசியில் வீடியோவாகச் சேர்த்துக்கொள்ளலாம். கோப்புகளின் பிரதி கம்ப்யூட்டரை விட்டு வெளியே இன்னோர் இடத்திலும் இருக்கட்டும்.

தமிழ்த் தலைப்பு போடுகிறவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவள் படத்தில் 'மொழம்' என்பதில் கொம்பு மகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பல மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படி ஆகும். தேர்வே இல்லாத மென்பொருளாக இருந்தால் தலைப்பை வேறொன்றில் செய்து படமாகக் கொண்டுவருவது நல்லது. நம் மொழி உடைந்து திரையில் நிற்பதை நாமே அனுமதிக்கக் கூடாது.

படிக்கும்போதே வெளிவேலை வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மாயா போன்ற மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது படிப்பதற்கு மட்டும்தான். காசு வாங்கும் வேலையை அதில் செய்யக் கூடாது. இலவச மென்பொருளான பிளெண்டரில் அந்தச் சிக்கல் இல்லை, அதில் செய்ததைத் தாராளமாக விற்கலாம். பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள்.

என் முதல் வெளிவேலை ஒரு கடைக்கான 20 நொடி விளம்பரம். எல்லாம் வாய்ப்பேச்சு. "சின்னச் சேஞ்ச் தம்பி" என்று பதினோரு தடவை மாற்றச் சொன்னார்கள், கடைசியில் பாதிப் பணம் வரவே இல்லை. மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை: முன்பணம் எவ்வளவு, எத்தனை தடவை திருத்தம், அனிமேட்டிக்குக்குச் சரி சொன்ன பிறகு கதையை மாற்றினால் தனிக் கட்டணம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். மாணவன்தானே என்று நினைக்கிற இடத்தில்தான் கட்டாயம் கேட்க வேண்டும்.

குழுவாகச் செய்தால் யார் எதைச் செய்தார்கள் என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறித்து வையுங்கள். நேர்காணலில் உங்கள் வேலைகளைத் தொகுத்த ஷோரீலை நிறுத்திவிட்டு, "இதில் உன் வேலை எது?" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்கிறேன்.

'ஒரு மொழம்' கடைசியில் 28 நொடியாக முடிந்தது. திண்ணையிலிருந்து கேமரா மேலே எழும்பித் தெரு முழுக்கக் காட்டுகிற ஒரு ஷாட் இருந்தது. அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அதற்குத் தெரு, வீடுகள், ஆட்கள் எல்லாம் கட்ட வேண்டும், கையிலிருந்ததோ 18 நாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தாள், மறுநாள் காலையில் வந்து அவளே வெட்டினாள். படம் இப்போது கையில் முடிகிறது. பாட்டி முழங்கையிலிருந்து விரல்நுனிவரை சரத்தை நீட்டி அளக்கிறார், கத்தரியை வைக்கிறார், இன்னும் நாலு பூ தள்ளி நகர்த்தி அறுக்கிறார்.