வேலியோரம் நடக்கும் ஆமை

இந்த வசந்தத்தில் இது மூன்றாவது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நெடுஞ்சாலை வேலியை ஒட்டி, கம்பி வலையில் மூக்கை வைத்தபடி செத்துக் கிடந்தது ஒரு பெண் ஆமை. ஓட்டில் கை வைக்க முடியாத சூடு. மண்ணில் அதன் காலடித் தடம் வேலியோரமாகவே போய், திரும்பி வந்து, மறுபடி போய், ஒற்றையடிப் பாதை போலத் தேய்ந்திருந்தது.

ஆமைகள் சாலையேறி வண்டியில் அடிபடாமல் தடுக்கத்தான் இந்த வேலி. வேலியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவின் 58-ம் எண் நெடுஞ்சாலையில் வேலி போட்ட பகுதியில் கிடைத்த ஆமைச் சடலங்கள், போடாத பகுதியைவிட 90 சதவீதத்துக்கும் மேல் குறைவு. 1990 முதல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கும் பிராணி. குட்டி போடும் வயதுக்கு வரவே பதினைந்து வருடம்போல ஆகும். சரி, முட்டையிடும் வயது என்று திருத்திக்கொள்கிறேன், கோபத்தில் எழுதுகிறேன்.

என் கோபமெல்லாம் ஒரே வாக்கியத்தின் மேல்தான்: "ஆமைதானே, முட்டினால் திரும்பிப் போய்விடும்." பொறியாளர்களும் சொல்கிறார்கள், சுற்றுலா வருபவர்களும் சொல்கிறார்கள். போகாது! எந்த வளை எங்கே, மழை பெய்தால் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்று பல வருடமாக அறிந்துவைத்திருக்கும் நிலம் அது. அதன் நடுவே நேற்று ஒரு வேலி வந்தால், வழி எங்காவது இருக்கும் என்றுதான் அது தேடும். சுவராக இருந்தாலாவது சலித்து விலகும். வலைக்கு அந்தப் பக்கம்தான் தெரிகிறதே. தலையை நுழைத்துப் பார்க்கும், நாலு அடி நடக்கும், மறுபடி நுழைக்கும். வெயில் ஏறுமுன் வளைக்குள் இருக்க வேண்டிய பிராணி, உச்சிவேளையிலும் நடந்துகொண்டிருக்கும். அப்புறம் நடப்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வேலி போடுகிறவர்களுக்கு: ஆமைகள் வளைக்குள் அடங்கியிருக்கும் குளிர்காலத்திலேயே வேலையை முடியுங்கள். வலையை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்தால் மட்டும் போதாது, வேலியோரம் ஆங்காங்கே நிழல் கூடுகளும் வையுங்கள். சாலைக்கு அடியில் போகும் மழைநீர்க் குழாயின் (கல்வர்ட்) வாயோடு வேலியை இணைத்தால், தேடி நடக்கும் ஆமைக்கு அக்கரை போக வழி கிடைக்கும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள். அடிமண் அரித்த இடைவெளியில் சாலைப் பக்கம் நுழைந்துவிட்ட ஆமைக்கு, அதே வேலி சிறையாகிவிடுகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போகும் நம்மவர்களே, வேலியோரம் ஆமையைக் கண்டால் பாவப்பட்டு மறுபக்கம் தூக்கி வைக்காதீர்கள். மறுபக்கம் சாலை! பயத்தில் அது சிறுநீர் கழித்துவிட்டால் போனது அதன் தண்ணீர்த் தொட்டி. மழைநாளில் குடித்ததைச் சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்துத்தான் கோடையை ஓட்டுகிறது. எந்த இடம் என்று மைல்கல் எண்ணோடு வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள், போதும். சாலை நடுவிலேயே நின்று, வண்டி வந்துகொண்டிருந்தால் மட்டும் இரண்டு கையாலும் தரையை ஒட்டிச் சாய்க்காமல் தூக்கி, அது போன திசையிலேயே விடுங்கள். வேலி இருந்தால் அதைத் தாண்டிப் புதர் நிழலில். வீட்டுக்குக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். வளர்த்த ஆமையைக் கொண்டுவந்து விடுவதும் வேண்டாம், சுவாச நோய் பரவுகிறது.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். நிறுத்திய வண்டியை எடுக்குமுன் ஒருமுறை குனிந்து அடியில் பாருங்கள். அந்த வெட்டவெளியில் உங்கள் கார்தான் அதற்கு நிழல்.