பிலோக்ஸெனியா: உபசரிப்பா, விருந்தோம்பலா?

பைபிளின் புதிய ஏற்பாட்டில், எபிரெயர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் "சகோதர சிநேகம் நிலைத்திருக்கக்கடவது" என்று தொடங்கும். அடுத்த வசனம், "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்". தமிழில் படித்தால் இரண்டும் தனித்தனி புத்திமதிபோலத் தெரியும். மூலமொழியான கிரேக்கத்தில் இவை இரட்டைப் பிள்ளைகள்: முன்னது பிலதெல்பியா, பின்னது பிலோக்ஸெனியா. 'பிலோ' என்பது அன்பு. 'அதெல்போஸ்' கூடப்பிறந்தவன், 'க்ஸெனோஸ்' வேற்றாள். கூடப்பிறந்தவனிடம் வைக்கும் அன்பை ஊர்பேர் தெரியாதவனிடமும் வை என்று ஒரே மூச்சில் சொல்லியாகிவிட்டது.

க்ஸெனோஸ் வேடிக்கையான சொல். வந்தவனுக்கும் அதே பெயர், வீட்டில் ஏற்றவனுக்கும் அதே பெயர். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" (மத்தேயு 25:35) என்ற இடத்தில் அது வந்தவன். ரோமர் 16:23-இல் பவுலுக்கு வீட்டில் இடம் கொடுத்த காயுவும் க்ஸெனோஸ்தான்.

தமிழுக்கு வருவோம். உபசாரம் மாப்பிள்ளைக்கும் உண்டு, கலெக்டருக்கும் உண்டு. அதனால்தான் பழைய மொழிபெயர்ப்பு 'அந்நியரை' என்று தனியே சேர்க்க வேண்டிவந்தது. 1 பேதுரு 4:9 இன்னும் ஒன்று சேர்க்கிறது: "முறுமுறுப்பில்லாமல்" உபசரியுங்கள். உலை இறக்கியபின் ஆள் வந்து நிற்கும் வீட்டின் அடுப்படியை அறிந்தவர் சொல்!

விருந்தோம்பல் இதைவிடப் பொருந்தும். 'விருந்து' என்றால் முதலில் புதுமை; தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுள்வகையையே விருந்து என்கிறது. ஆக, விருந்தினர் புதிதாய் வந்தவர், ஓம்பல் பேணுதல். சொல்லுக்குள்ளேயே வேற்றாள் உட்கார்ந்திருக்கிறார். சிக்கல் இன்றைய வழக்கில்தான்: விருந்து என்றதும் பிரியாணியும் சொந்தக்காரர் பட்டியலும் நினைவுக்கு வருகின்றன. எனவே, 'அந்நியரை விருந்தோம்புதல்' என்று சேர்த்தே எழுதுவது என் வழக்கம்.

உள்ளே விட்டால் போதுமா? யாக்கோபு 2:2-3-இல் சபைக்குள் இருவர் வருகிறார்கள். மினுக்கான உடைக்காரரிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்". ஏழையிடம் "நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு". கிரேக்கத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான், 'ஸூ', 'ஐயா'வும் இல்லை. 'நீர்', 'நீ' என்ற பாகுபாடு தமிழில் வந்தபோது சேர்ந்தது. மொழிபெயர்த்தவர்கள் நம் ஊர்ப் பேச்சை நன்றாகவே கேட்டிருக்கிறார்கள்.