போஸ்ட்டாக்னா பட்டமா, வேலையா?
போன மாசம் எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் வந்துச்சு, செவ்வாய்ப்பேட்டையில ஒரு அச்சகத்துல குடுத்திருந்தோம், பாத்தா அக்கா பொண்ணு பேருக்கு முன்னாடி "முதுமுனைவர்"னு கெடக்குது. கேட்டா, "போஸ்ட் டாக்டர்னு எழுதியிருந்தீங்க, டாக்டருக்கு மேலன்னா முதுமுனைவர்தானுங்களே"ங்கிறார். அவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க, பாதிப் பேர் அப்படித்தான் நெனைச்சுட்டு இருக்காங்க. முதுமுனைவர்ங்கிறது பிஹெச்டிக்கும் மேல இருக்குற டி.லிட். பட்டத்துக்கு வழங்குற பேரு. இவ பாக்குறது குவாண்டம் கம்ப்யூட்டிங் பாதுகாப்புல போஸ்ட்டாக், அதாவது பிஹெச்டிக்கு அப்புறமா பாக்குற ஆராய்ச்சி வேலை.

எங்கம்மா அதுக்கும் மேல. "டாக்டருக்குப் படிச்சு முடிச்சவ இன்னும் என்னடா படிக்கிறா?" "படிக்கல அம்மாயி, வேலை, சம்பளம் வருது"ன்னு அவளும் எத்தனை தடவைதான் சொல்லுவா.

லத்தீன்ல போஸ்ட்னா பின்னாடி. டாக்டர்னா வாத்தியார், கத்துக்குடுக்குறதுக்கான வினையில இருந்து வந்தது, வைத்தியர்ங்கிற அர்த்தமெல்லாம் அப்புறம் ஒட்டுனதுதான். நம்ம முனைவர் இன்னும் அழகு: தொல்காப்பியம் மரபியல்ல முதல்நூல் செய்யுறவனை முனைவன்னு சொல்லுது, அங்க அது இறைவனைக் குறிக்குதுன்னு உரையில சொன்னாலும், இதுக்கு முன்னாடி யாரும் சொல்லாத ஒண்ணைச் சொன்னாத்தானே பிஹெச்டி, அதனால பொருத்தமான சொல்தான்.

சரி, போஸ்ட்டாக்குக்கு என்ன? "முனைவர் பட்ட மேலாய்வாளர்"னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அதுல அந்த "மேல்" உறுத்துது. மேல்னா படிநிலை, போஸ்ட்ங்கிறது காலம். பிஹெச்டி முடிச்சதுக்கப்புறம் ஒரு பேராசிரியரோட குழுவுல ரெண்டு மூணு வருஷம் ஒப்பந்தத்துல பாக்குற ஆராய்ச்சி வேலை, முடிவுல பட்டம்னு எதுவும் கெடையாது. அதனால என் ஓட்டு "முனைவர்பின் ஆய்வாளர்"க்குத்தான், பின் காலத்தைச் சொல்லிடுது, ஆய்வாளர் வேலையைச் சொல்லிடுது.

குவாண்டம்னா லத்தீன்ல "எவ்வளவு", ஆற்றல் தொடர்ச்சியா ஓடாம சின்னச் சின்ன அளவாத்தான் வருதுன்னு 1900ல மேக்ஸ் பிளாங்க்ங்கிற இயற்பியல் அறிஞர் கணக்குப் போட்டாரு. அந்தச் சின்ன அளவு உலகத்தோட விதிகளை வச்சுக் கணக்குப் போடுற மெஷின்தான் குவாண்டம் கம்ப்யூட்டர். இலங்கைத் தமிழ்ல சத்திச்சொட்டுன்னே வச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு, ஆனா இங்க பேச்சுல குவாண்டம்தான் நிக்குது.

பாதுகாப்புங்கிற எடத்துலதான் சிக்கலே. கொலுசுப் பட்டறையில வெள்ளியையும் செம்பையும் உருக்கி ஒண்ணாக்குறது கொஞ்ச நேர வேலை, திரும்பப் பிரிச்சு சுத்த வெள்ளி எடுக்கணும்னா பாடு. கம்ப்யூட்டர்ல அனுப்புற தகவலை அடுத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டுறதுக்கு 1977ல வந்த ஆர்எஸ்ஏங்கிற முறையும் அப்படித்தான், ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்குறது லேசு, பெருக்கி வந்த எண்ணை வச்சு அந்த ரெண்டையும் கண்டுபிடிக்கிறது சாதா கம்ப்யூட்டருக்கு ஆகாத காரியம். 1994ல பீட்டர் ஷோர்ங்கிற கணித அறிஞர், பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் இருந்தா அதைச் சீக்கிரம் பிரிச்சிடலாம்னு காட்டிட்டாரு. அவ்ளோ பெருசு இன்னைக்கு இல்ல, ஆனா இப்பவே யாராச்சும் நம்ம தகவலைச் சுருட்டி வச்சுட்டு அது வந்ததும் தொறந்துக்கலாம்ல, அதான் 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட தரநிலை வகுக்குற அமைப்பான நிஸ்ட், குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்குற மாதிரி புதுப் பூட்டுக்கு மூணு தரநிலை வெளியிட்டுச்சு. அந்த மாதிரி புதுப் பூட்டுல ஓட்டை இருக்குதான்னு நோண்டுறதுதான் இவ வேலை. அதனால தமிழ்ல வெறும் "குவாண்டம் பாதுகாப்பு"ன்னு எழுதுனா பத்தாது, குவாண்டத்தை வச்சுப் பாதுகாக்குறதா, குவாண்டத்துகிட்ட இருந்து பாதுகாக்குறதான்னு தெரியாது, ரெண்டும் தனித்தனித் துறை. "குவாண்டம் கணினியிலிருந்து பாதுகாப்பு"ன்னு வேற்றுமை உருபைப் போட்டுட்டா தகராறே இல்ல.

அச்சகத்துக்காரர்கிட்ட "முது"வை அடிச்சுட்டு முனைவர் மட்டும் வைங்கன்னேன். "அப்ப அந்தப் போஸ்ட்டை எங்கங்க போடுறது?" வேலைங்க அது, பேருக்குக் கீழ பிராக்கெட்ல போடுங்கன்னு எழுதிக் குடுத்தேன். எடம் பத்தலன்னு கடைசியில அதையும் தூக்கிட்டார்.