டாலர் நோட்டு நுழையும் இடைவெளி

டாலஸில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் எழுதிக் கேட்டிருந்தார்: “அண்ணா, கிரீன் கார்டு வந்ததும் ஒரு பழைய ரைஃபிள் வாங்கினேன். .308 தோட்டாவுக்கானது, போல்ட் ஆக்‌ஷன், வால்நட் கட்டை. மான் சீசனுக்கு முன்னாடி இதுல நானே ஏதாவது செஞ்சு பார்க்கலாமா, இல்ல கையே வைக்காம கடையில குடுத்துடறது நல்லதா?”

செய்யுங்கள் தம்பி, கட்டாயம் செய்யுங்கள். கடைக்குக் கொடுக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் குழலைத் தாங்கும் மரக்கட்டையும் திருகும் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் உங்களுடையது. முதல் வேலைக்குக் காசே வேண்டாம். தோட்டாக்களை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டா அடுக்கும் மேகசினைக் காலி செய்து, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டை முழுசாக உருவி வெளியே எடுத்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் பார்த்து மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட் வெளியே வந்துவிட்டால் அது சுடவே முடியாத ஒரு இரும்புக் குழாயும் மரக்கட்டையும்தான். இப்போது ஒரு டாலர் நோட்டை எடுத்து, குழலுக்கு அடியில் வளைத்துப் போட்டு இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள். வழுக்கிக்கொண்டு வருகிறதா, எங்கேயாவது பிடிக்கிறதா?

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர். நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். என் முதல் ரைஃபிளும் வால்நட் கட்டைதான். ஜனவரியில் காற்று வறண்டிருந்த ஒரு நாளில் குறிபார்க்கும் ஸ்கோப்பை அருமையாகச் சரி செய்து வைத்தேன். ஜூன் மாதம் எடுத்துப் போனால், 100 கஜத்தில் எல்லாக் குண்டும் வலப்பக்கம் இரண்டரை அங்குலம் தள்ளி விழுகிறது. ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், தோட்டாவை மாற்றினேன், மூச்சுப் பிடிக்கும் விதத்தை மாற்றினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு டாலரை எடுத்து நீட்டினார். பாதி தூரம் போனதும் இடது ஓரத்தில் நோட்டு நின்றுவிட்டது. இன்னும் இழுத்தால் கிழிந்திருக்கும்.

ஒரு டாலர் நோட்டின் தடிமன் 0.11 மில்லிமீட்டர். அந்த இடைவெளிகூட இல்லாமல் மரம் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இது ஏன் குண்டை இரண்டரை அங்குலம் தள்ளுகிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை அலுக்காத பாடம்.

பள்ளிக்கூடத்தில் ஸ்கேலை மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்து நுனியைச் சுண்டி “டுர்ர்” என்று சத்தம் வரவைத்திருப்பீர்கள். ரைஃபிள் குழலும் அந்த ஸ்கேல் மாதிரிதான். பின்முனை, போல்ட் ஓடும் ரிசீவரில் இறுக்கமாக முறுக்கப்பட்டிருக்கிறது, முன்முனை அந்தரத்தில் நிற்கிறது. வெடிக்கும்போது அது அதிரும். இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கதை சுவாரஸ்யமாகிறது. 60 சென்டிமீட்டர் நீளமும் 18 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு எஃகுக் கம்பியை ஒரு முனையில் பிடித்துச் சுண்டினால், நொடிக்குச் சுமார் 35 தடவை மேலும் கீழும் ஆடும். அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 28 மில்லிநொடி. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் எவ்வளவு? ஒரு மில்லிநொடியும் கொஞ்சமும். நாம் மனதில் கற்பனை செய்கிற அந்தப் பெரிய ஆட்டத்தில் இருபதில் ஒரு பங்குகூட முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது!

அப்படியானால் அதிர்வே முக்கியமில்லையா என்று கேட்டால், முக்கியம்தான், ஆனால் அந்தப் பெரிய ஆட்டம் இல்லை. கம்பி ஒரே மாதிரி மட்டும் ஆடுவதில்லை. நடுவில் ஒரு இடம் அசையாமல் நிற்க, அதன் இரண்டு பக்கமும் பாம்பு மாதிரி எதிரெதிராக நெளியும் ஆட்டமும் உண்டு. அது முதல் ஆட்டத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல் வேகம். அதற்கு மேலே இரண்டு இடங்கள் நிற்கும் ஆட்டம், சுமார் பதினேழு மடங்கு வேகம், நொடிக்கு 600க்கும் மேல். வீணைத் தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு மேல் சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கிற மாதிரி, இவை எல்லாம் ஒன்றாகவே நடக்கின்றன. வேகமான நெளிவுகள் அந்த ஒரு மில்லிநொடிக்குள்ளேயே பாதிச் சுற்றாவது போய்விடும். குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் குழலின் நுனி எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ, குண்டு போகும் திசையும் அதுதான். மால்லாக் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குழல்களின் அதிர்வைப் பற்றி 1901லேயே ராயல் சொசைட்டியில் ஆய்வு வெளியிட்டிருக்கிறார். இது நேற்று கண்டுபிடித்த விஷயமில்லை.

சரி, எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு தள்ளும்? ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு திரும்பினால் 100 கஜத்தில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். 60 சென்டிமீட்டர் குழல் நேர்கோடாகவே அவ்வளவு திரும்பியது என்று வைத்துக்கொண்டால், நுனி நகரும் தூரம் 0.17 மில்லிமீட்டர். இரண்டு தலைமுடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு! இவ்வளவு சின்ன விஷயம் அங்கே ஒரு அங்குலம்.

இப்போது மரத்துக்கு வருவோம். வெடித்த உடனே வாயுவின் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளும், துப்பாக்கியைப் பின்னால் தள்ளும்; .308ல் குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே 4 கிலோ துப்பாக்கி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வந்துவிட்டிருக்கும். தோளில் பதியும் இடம் குழலின் கோட்டுக்குக் கீழே இருப்பதால் நுனி மேலே எழும்பப் பார்க்கும், குழல் வளையும், அலைகள் ஓட ஆரம்பிக்கும். இதெல்லாம் ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி நடந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான்: குழல் ஆடாமல் இருக்கத் தேவையில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடினால் போதும். கட்டை ஓர் இடத்தில் இடித்துக்கொண்டிருந்தால், ஆட்டம் அந்த இடிப்பைப் பொறுத்தது ஆகிவிடுகிறது. அந்த இடிப்போ, நீங்கள் கட்டையின் முன்பகுதியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தீர்கள், குழல் எவ்வளவு சூடாகியிருக்கிறது, அன்றைக்குக் காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை எல்லாம் பொறுத்தது.

ஈரம்தான் பெரிய ஆள். ஐப்பசி மழையில் நம் ஊர் வீட்டு மரக்கதவு நிலையில் பிடித்துக்கொண்டு திறக்க மறுக்கும், தை மாதம் தானாகவே சரியாகிவிடும். அதே கதைதான். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் ஊதும், அதுவும் எல்லாத் திசையிலும் சமமாக ஊதாது. அதனால்தான் கட்டை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு குழலை இடிக்கிறது. ஜூன் மாதம் என் ரைஃபிளில் நடந்தது இதுதான்.

எல்லாத் துப்பாக்கிக்கும் இடைவெளிதான் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் இஷாப்பூரில் செய்த பழைய லீ-என்ஃபீல்ட் மாதிரி சிலதில், கட்டையின் முன்முனை வேண்டுமென்றே குழலைத் தாங்கி அழுத்தும்படி வடிவமைத்திருப்பார்கள். அங்கேயும் கொள்கை ஒன்றுதான், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அழுத்த வேண்டும். உங்கள் கட்டையின் முன்முனையில் அப்படி ஒரு மேடு இருந்தால், கையேட்டைப் பார்க்காமல் அதைத் தேய்த்துவிடாதீர்கள்.

வேலையைச் சொல்கிறேன். கட்டையைக் கழற்ற இரண்டு மூன்று திருகுதான் இருக்கும். வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள், அதன் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், அழுத்தித் திருப்பினால் மேலே நழுவித் திருகின் தலையைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் இணையாக இருக்கும் துப்பாக்கி வேலைக்கான நுனிகள் தனியாகக் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். கழற்றியதும் குழல் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள், இடித்த இடம் பெரும்பாலும் மினுமினுப்பாகத் தேய்ந்து தெரியும். குழலைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு உருளைக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, அந்த இடத்தில் நீளவாக்கில் பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். மறுபடி பொருத்துங்கள், நோட்டை விடுங்கள். மறுபடி கழற்றுங்கள். அவசரப்பட்டால் ஒரு பக்கம் கோணலாகப் போய்விடும். நோட்டை இரண்டாக மடித்து மறுபடி மடித்தாலும் வழுக்கிக்கொண்டு வருகிற அளவுக்கு இடம் இருந்தால் போதும். வால்நட் தூள் காப்பிப்பொடி நிறத்தில் மடியெல்லாம் விழும், மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நான் செய்யாமல் விட்டேன், ஒரு வருடம் வீணானது. தேய்த்த இடத்தில் புது மரம் வெளியே வந்திருக்கிறது, அது தண்ணீரைக் குடிக்கும். எண்ணெயோ வார்னிஷோ பூசி மூட வேண்டும், இரண்டு மூன்று பூச்சு. நான் பூசாமல் விட்டேன், அடுத்த ஜூனில் நோட்டு மறுபடி அதே இடத்தில் நின்றது. அப்புறம் திருகுகளை இறுக்கும்போது இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் டிரைவர் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய திருகு ஒரு விறைப்பான ஸ்பிரிங், ஒவ்வொரு தடவையும் ஒரே விறைப்பு இருந்தால்தான் நாம் பேசிய அந்த “ஒரே மாதிரி” வரும்.

இனி ரேஞ்சுக்குப் போய் சோதிக்கும்போது ஒரு மூடநம்பிக்கையில் விழாதீர்கள். மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒரே ஓட்டையில் விழுந்தால் “பார்த்தியா, வேலை செஞ்சிடுச்சு” என்று படம் எடுத்துப் போடுவார்கள். மூன்று குண்டு எதையும் நிரூபிக்காது. நாணயத்தை மூன்று தடவை சுண்டி மூன்று தடவையும் தலை விழுவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை வைத்து நாணயம் கோணல் என்பீர்களா? தேய்ப்பதற்கு முன்னால் ஒரே தோட்டாவில் இருபது சுடுங்கள், தேய்த்த பிறகும் இருபது. நடுவில் குழல் ஆறட்டும். இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புதுக் குழலை இத்தனை குண்டுக்கு ஒரு தடவை துடைத்தால்தான் பழகும், இந்த எண்ணெய்தான் ராசி என்று சொல்கிற சடங்குகள் துப்பாக்கி உலகத்தில் கோயில் திருவிழா அளவுக்கு உண்டு. இருபதுக்கு இருபது சுட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

தொடக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். ட்ரிகரும் அதை ஒட்டிய பாகங்களும், சேஃப்டி, போல்ட்டின் முகப்பு: இவை பயிற்சி பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. குழலை அறுக்கும் யோசனையே வேண்டாம், 16 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934ஆம் வருடச் சட்டத்தின் கீழ் அது வேறு வகைத் துப்பாக்கி, பதிவு செய்யாமல் வைத்திருப்பது பெரிய குற்றம். விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டாட்சிச் சட்டம் உங்களுக்குப் பொதுவாகத் துப்பாக்கியையே தடை செய்கிறது, முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் நண்பனின் துப்பாக்கியைக் கையில்கூட வாங்காதீர்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளர் விலையில் 11 சதவீதம் வரி போகிறது, 1937ஆம் வருடச் சட்டத்தின்படி அந்தப் பணத்தில்தான் மான்களின் எண்ணிக்கையும் காடுகளும் இவ்வளவு கவனமாக ஆராயப்படுகின்றன. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் துப்பாக்கியால் மனிதர்கள் சாவதை ஆராய, 1996ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட கட்டுப்பாட்டுக்குப் பிறகு, இருபது வருடத்துக்கும் மேல் கூட்டாட்சிப் பணம் வறண்டு கிடந்தது. 2020 நிதியாண்டில்தான் மறுபடி 25 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். மானை எண்ணுகிற நாட்டில், பூட்டி வைத்த பெட்டி எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றுகிறது என்றும் எண்ண வேண்டும் இல்லையா? உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதோ இல்லையோ, உப்புத்தாள் வாங்கப் போகும்போதே ஒரு பூட்டுப் பெட்டியும் வாங்கிவிடுங்கள்.

தம்பி, சீசன் நவம்பரில். இப்போதே நோட்டை விட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் நின்றது என்று கட்டையின் மேல் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். நல்ல மழை பெய்து ஒரு வாரம் ஆனதும் மறுபடி விடுங்கள். இரண்டு கோடும் ஒரே இடத்தில் இல்லையென்றால் எழுதுங்கள், கோட்டின் படத்தோடு.