அனுமதி ஒருவர் கையில், ஆணை இன்னொருவர் கையில்

நேச நாடுகளின் போர் விமானங்கள் வேறொரு நாட்டு வானில் ரோந்து செல்லும் செய்தியைப் படித்ததும், என்னிடம் பயிற்சி பெறும் இளம் வழக்கறிஞர்கள், "இது சட்டப்படி செல்லுமா சார்?" என்று கேட்பார்கள். உள்ளே வர அனுமதித்தது யார், ஆணையிடுவது யார் என்று அதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துத்தான் பதில் சொல்வேன்.

ராணுவ விமானம் அனுமதி இல்லாமல் பிற நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்கிறது 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம். (இறையாண்மை கரையிலிருந்து 12 கடல் மைலோடு நின்றுவிடும்; சென்னையிலிருந்து வழிநடத்தப்படும் வான்பகுதி வங்கக் கடலில் அதைத் தாண்டி வெகுதூரம் நீள்வதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்தின் மேல் நிவாரணப் பொருள்களைப் போட்டபோது கொழும்பின் சம்மதம் இல்லை, ஜூலை 29 உடன்படிக்கைக்குப் பிறகு அமைதிப்படை சென்றபோது இருந்தது. முதல் பறத்தலின் நோக்கத்தில் எனக்கு அனுதாபம் உண்டு என்றாலும், சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல.

சம்மதம் இல்லாத இடத்தில் தற்காப்பு உரிமையோ ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானமோ வேண்டும். 2011இல் லிபியா வானில் பறக்கத் தடை விதித்த 1973ஆம் எண் தீர்மானம் அதைத் தெளிவாகவே சொன்னது. ஈராக் வானில் பறக்கத் தடை விதித்து ரோந்து சென்ற அமெரிக்காவும் பிரிட்டனும் சான்றாகக் காட்டிய 1991ஆம் ஆண்டின் 688ஆம் எண் தீர்மானத்திலோ பறக்கத் தடை என்ற சொல்லே கிடையாது. அந்த ரோந்தின் சட்ட அடிப்படை பலவீனமானது என்பதே என் கருத்து.

ஆணை என்பது இதைவிடச் சிக்கலானது. 2004 முதல் பால்டிக் நாடுகளின் வானைக் காக்கும் நேட்டோ விமானங்களுக்கு உத்தரவு ஜெர்மனியின் யூடெம் நகரிலுள்ள மையத்திலிருந்து வருகிறது. ஆனாலும் விமானியின் மீதான முழு அதிகாரத்தை அவரை அனுப்பிய நாடு விட்டுக்கொடுப்பதில்லை. டிரைவரோடு காரை வாடகைக்கு எடுத்தால், போக வேண்டிய இடத்தை நாம் சொல்லலாம், அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது அல்லவா?

அனுப்பிய நாட்டின் பிடி விலகுவதில்லை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கில் இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள், தங்கள் நாட்டின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களையே எதிரியுடையவை என்று கருதிச் சுட்டு வீழ்த்தின. வானிலிருந்தே ரோந்தை ஒருங்கிணைத்த அவாக்ஸ் விமானத்தில் இருந்தவர்கள் ஹெலிகாப்டர்கள் அங்கே பறப்பதை அறிந்திருந்தும் எச்சரிக்கவில்லை; ஹெலிகாப்டர்களும் போர் விமானங்களும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளில் இருந்தன. இறந்த 26 பேரில் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி அதிகாரிகளும் குர்துகளும் இருந்தார்கள். எனினும் ராணுவ நீதிமன்ற விசாரணை அமெரிக்காவில்தான் நடந்தது. அதை எதிர்கொண்ட ஒரே நபரான அவாக்ஸ் அதிகாரி 1995இல் விடுவிக்கப்பட்டார்.